கும்பகோணத்துக்குக் குடிவருகிறீர்களா? முதலில் ஆற்றைப் பாருங்கள்

வேலை மாற்றலில் கும்பகோணம் வந்த முதல் வாரம், வாடகைக்கு வீடு இருப்பதாகச் சொன்ன தெருவைத் தேடி அலைந்துகொண்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் வழி கேட்டேன். "இப்படியே கீழ போங்க தம்பி, நாகேஸ்வரன் கோயிலைத் தாண்டி" என்றார். நான் கோவைப் பக்கத்து ஆள். கீழே போவதென்றால் எங்கள் ஊரில் ஒரு சரிவாவது இருக்கும். இங்கே தெரு தாம்பாளம் மாதிரி சமமாகக் கிடந்தது. எங்கே கீழே போவது என்று விழித்துக்கொண்டு நின்றேன். அவர் கிழக்கைச் சொல்லியிருக்கிறார். காவிரி மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது, நிலமும் கண்ணுக்குத் தெரியாமல் அந்தப் பக்கம் சரிகிறது. அதனால் கிழக்கு கீழ், மேற்கு மேல். இந்தச் சொற்கள் தமிழில் எங்கும் உள்ளவைதான். ஆனால் இங்கே ஆட்டோக்காரர் முதல் கீரைக்கார அம்மா வரை தினமும் அதில்தான் பேசுகிறார்கள்.

இதெல்லாம் நடந்து 11 வருடம் ஆகிறது. இப்போது மாற்றலில் வருகிறவர்கள் என்னிடம் வீடு, பள்ளிக்கூடம், கேஸ் இணைப்பு என்று விசாரிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஆற்றங்கரைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள் என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். போய் வந்தவர்களுக்கு மற்ற வேலைகள் சுலபமாகத்தான் முடிந்திருக்கின்றன.

முதல் படி: பாலத்தில் நில்லுங்கள்

ஊருக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நிலம்தான் பழைய கும்பகோணம். அரசலாறு காவிரியின் பிள்ளைதான். ஊருக்கு மேற்கே பிரிந்து, தனியாக ஓடி, காரைக்காலில் கடலில் விழுகிறது. தாய் ஆறு பூம்புகாரில். காவிரியைத் தாண்டி இன்னும் வடக்கே போனால் கொள்ளிடம். அது அகலமான மணல் ஆறு, மேட்டூரில் தண்ணீர் மிஞ்சும் வருடங்களில் வெள்ளத்தை வாங்கிக்கொண்டு போகிற வடிகால். முக்கொம்பிலும் கல்லணையிலும் உபரித் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவதால்தான் இந்தப் பக்கத்துக் காவிரி பெரும்பாலும் சாதுவாக இருக்கிறது.

பாலக்கரைப் பக்கம் போய்ப் பாலத்தின் மேல் நின்று பாருங்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். மணல், நாணல், நடுவில் பையன்கள் கிரிக்கெட். இதற்கா இத்தனை பாட்டு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். திறந்த மூன்று நான்கு நாளில் கல்லணை திறக்கும். அங்கிருந்து காய்ந்த மணலையெல்லாம் நனைத்துக்கொண்டு தண்ணீர் நம் ஊருக்கு வரும். அணையில் இருப்பு போதாத வருடம் இந்தத் தேதி தள்ளிப்போகும். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள்.

மாதச் சம்பளக்காரனுக்கு இந்தத் தேதிகள் எதற்கு? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜூன் கடைசியில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் தேடியபோது ஒருவரும் கிடைக்கவில்லை. பாதிப் பேர் நடவு வேலைக்கு, சொந்த வயலுக்கு என்று போயிருந்தார்கள். குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று நெல் பருவம் இங்கே. ஜூனில் தண்ணீர் வந்தால் குறுவை உண்டு. வராவிட்டால் சம்பா ஒன்றோடு போக வேண்டியதுதான். குறுவை நன்றாக விளைந்தால் தீபாவளிக்குக் கடைத்தெருவில் நடக்க முடியாது. பொய்த்தால் துணிக்கடைக்காரர் முகத்திலேயே தெரியும். வண்டி ஓட்டுபவர்களுக்கு இன்னொரு விஷயம். அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். ராத்திரி நேரத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய நெல் குவியல் வண்டி விளக்கில் சட்டென்று கண்ணுக்குப் படாது. வேகத்தைக் குறையுங்கள்.

இரண்டாம் படி: ஆடியில் வீடு பார்க்கலாம்

ஆடியிலும் மார்கழியிலும் இங்கே யாரும் வீடு மாற மாட்டார்கள். காலி வீடு இருக்கும், குடிபோக ஆள் இருக்காது. ஆகவே ஆடியில் சாவகாசமாகச் சுற்றிப் பாருங்கள், வாடகை பேசி முடித்துவிட்டு ஆவணியில் பால் காய்ச்சுங்கள். உங்களுக்கு அந்த நம்பிக்கை கிடையாது, ஆடியிலேயே வரத் தயார் என்றால் வாடகையில் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம். சில வீட்டுக்காரர்கள் சம்மதிப்பார்கள், சிலர் "ஆடியில வேணாங்க" என்று அவர்களே மறுத்துவிடுவார்கள்.

பழைய ஊருக்குள் கிடைப்பது ஓட்டு வீடு அல்லது அதை இடித்துக் கட்டிய மாடிப் போர்ஷன். ஓட்டு வீடென்றால் வாசலில் திண்ணை, அப்புறம் ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், கடைசியில் கொல்லை. ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாகத்தான் வர வேண்டும். மே மாதத்தில் கான்கிரீட் மாடியில் வெந்துகொண்டிருப்பவர்களைப் பார்த்தால் இந்த வீட்டின் அருமை புரியும். குறையையும் சொல்லிவிடுகிறேன். குளியலறை கொல்லையில் இருக்கும், ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு போக வேண்டும். கார் நிறுத்த இடமே இருக்காது. கார் இருந்தால் தாராசுரம், மேலக்காவேரி, கொரநாட்டுக் கருப்பூர், சாக்கோட்டைப் பக்கம் புதிதாக எழுந்திருக்கும் நகர்களைப் பாருங்கள்.

எந்த வீடானாலும் மழைக்காலத்தில் ஒரு முறை தெருவைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். இங்கே நமக்குத் தொல்லை ஆற்று வெள்ளத்தால் வருவதில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொட்டும் வடகிழக்குப் பருவமழை போக வழியில்லாமல் தெருவில் நிற்பதுதான் தொல்லை. குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன பழைய வாய்க்கால்கள் பல இடங்களில் கட்டடத்துக்கு அடியில் போய்விட்டன. எதிர் வீட்டுச் சுவரில் பழைய தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தரகர் சொல்லாததை அந்தக் கறை சொல்லிவிடும்.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 2017-ம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. மின்கட்டணத்தை அட்டைப்படி கட்டுவதா, வீட்டுக்காரர் சொல்லும் யூனிட் கணக்கா என்பதை அதிலேயே தெளிவாக எழுதுங்கள். என் முதல் வீட்டில் இதை எழுதாமல் விட்டு இரண்டு வருடம் அழுதேன்.

சொல்லச் சங்கடமான ஒன்றும் இருக்கிறது. வீடு பார்க்கப் போனால் "சைவம்தானே?" என்று கேட்பார்கள். சில தெருக்களில் அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்காது, உங்கள் சாதி என்ன என்பதைச் சுற்றி வளைத்துக் கேட்பதாக இருக்கும். இந்த ஊரை எனக்குப் பிடிக்கும். இந்த வழக்கம் பிடிக்காது. அப்படிக் கேட்கிற வீட்டை விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போனேன், நல்ல வீடே கிடைத்தது.

மூன்றாம் படி: கொசுவலை வாங்குங்கள்

மாநகராட்சிக் குடிநீர் கொள்ளிடக் கரையிலிருந்து வருகிறது. வரும் நேரத்தைப் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தெருவுக்குத் தெரு மாறும். வாளி, அண்டா எல்லாம் மூடியோடு வாங்குங்கள். காரணம் கொசு.

ஒரு காலத்தில் கும்பகோணம் என்றாலே வெளியூர்க்காரர்கள் யானைக்கால் வியாதியைத்தான் சொல்வார்கள். சாக்கடையும் தேங்கிய குட்டையும் அந்தக் கொசுவை வளர்த்தன. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் 1925-ல் பிறந்தது இந்த ஊரில்தான். அவருடைய அப்பா சாம்பசிவன் இங்கே மருத்துவர். கொசு உற்பத்தியாகும் இடங்களைத் தேடித் தேடி ஒழிக்க ஊர்மக்களைத் திரட்டி வேலை வாங்கியவர். ஊர் கூடினால் எதையும் செய்யலாம் என்று அப்போதே தெரிந்துகொண்டதாக மகன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். யானைக்கால் இப்போது பழங்கதை ஆகிவிட்டது, கொசு ஆகவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

நான்காம் படி: ஞாயிறு காலை ஒரு நடை

வீட்டில் சாமான் இறங்கிவிட்டதா? சரி, முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். கோயில்களை மதியம் 12 மணி வாக்கில் சாத்திவிட்டு மாலை நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள், அதனால் காலைதான் தோது. இந்த நடையை ஆன்மிக யாத்திரையாக நான் சொல்லவில்லை. ஊரின் வரைபடம் மனதில் பதிய இதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

முதலில் கதை. பிரளயத்தில் மிதந்து வந்த அமுதக் கும்பம் இங்கே தங்கியது. சிவன் வேடனாக வந்து அம்பு விட்டு அதை உடைத்தார். அம்பு விட்ட இடம் பாணாதுறை, கும்பம் உடைந்து அமுதம் சிந்திய இடம் கும்பேஸ்வரர் கோயில், கும்பத்தின் வில்வம் விழுந்த இடம் நாகேஸ்வரன் கோயில், உறி விழுந்த இடம் சோமேஸ்வரர், தேங்காய் விழுந்த இடம் அபிமுகேஸ்வரர். அமுதம் ஓடித் தேங்கியவை மகாமகக் குளமும் பொற்றாமரைக் குளமும். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் ஆட்டோவில் ஏறி "பாணாதுறை" என்கிறபோது இந்தக் கதையின் ஒரு துண்டைத்தான் சொல்கிறீர்கள். தேவாரத்தில் ஊருக்குக் குடமூக்கு என்று பெயர். சுருக்கமாகக் குடந்தை. சுவரொட்டிகளில் இன்றும் குடந்தைதான்.

காவிரிக் கரையில் சக்கரப் படித்துறையில் தொடங்குங்கள். பக்கத்திலேயே சக்கரபாணி கோயில். அங்கிருந்து தெற்கே வந்தால் சாரங்கபாணி கோயிலின் 11 நிலைக் கோபுரம் தலையைத் தூக்க வைக்கும். உள்ளே கருவறையே கல் தேர், யானையும் குதிரையும் இழுக்கின்றன. "ஆராவமுதே" என்று தொடங்கும் நம்மாழ்வார் பாசுரங்கள் இந்தப் பெருமாளுக்கு. அந்தப் பதிகத்தைச் சிலர் பாடக் கேட்டு, மீதி எங்கே என்று தேடிப்போன நாதமுனிகள்தான் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தையும் மீட்டார் என்பது வைணவ மரபு.

வெளியே வந்தால் சாரங்கபாணி சன்னதித் தெரு. அங்கே கோபுரத்தைப் பார்த்தபடி ஒரு சின்ன ஓட்டு வீடு. கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை வாங்கி 2003 முதல் நினைவில்லமாக வைத்திருக்கிறது. ஜன்னலோரம் ஒரு கட்டில், உள்ளே சமையலறை, கொல்லையில் கிணறு. பார்த்து முடிக்கப் பத்து நிமிஷம் போதும். நான் நாலைந்து தடவை போயிருக்கிறேன். நகர உயர்நிலைப் பள்ளியில் கணக்கில் கொடிகட்டிப் பறந்த பையன், 1904-ல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரிக்குப் போனான். மற்ற பாடங்களைக் கண்டுகொள்ளாததால் அந்த உதவித்தொகை பறிபோனது. மதிப்பெண் குறைந்த பிள்ளையை வைத்துக்கொண்டு கவலைப்படுகிறவர்கள் அழைத்துப்போக வேண்டிய வீடு.

அந்தக் கல்லூரி 1854-ல் பள்ளியாகத் தொடங்கியது. காவிரிக் கரையில் இருக்கிறது. தென்னகத்தின் கேம்பிரிட்ஜ் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அதன் முதல்வராக இருந்த போர்ட்டரின் பெயரில்தான் ஊரில் டவுன் ஹால். தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் கல்லூரி வேறொரு காரணத்துக்காக முக்கியம். இங்கே தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வுபெறும்போது தன் இடத்துக்குக் கைகாட்டிய இளைஞர் உ.வே.சாமிநாதையர். 1880-ல் வேலையில் சேர்ந்தார். அதே வருடம் சேலம் இராமசுவாமி முதலியார் முன்சீபாக இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தார். ஐயர் மரியாதைக்குப் போய்ப் பார்த்து, தான் படித்த அந்தாதி, கோவை, புராணங்களையெல்லாம் அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. அந்தக் கேள்வியின் விளைவாக ஐயர் பதிப்பித்த சிந்தாமணி 1887-ல் அச்சில் வந்தது. அப்புறம் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என்று வரிசையாக. மாற்றலில் வந்த ஓர் அதிகாரி ஊருக்கு என்ன செய்துவிட முடியும் என்று அலுவலகத்தில் யாராவது சலித்துக்கொண்டால் நான் இந்தக் கதையைத்தான் எடுத்துவிடுவேன்.

நடையைத் தொடருங்கள். பொற்றாமரைக் குளத்தைத் தாண்டி மேற்கே கும்பேஸ்வரர் கோயில். அங்கே லிங்கம் மணலும் அமுதமும் சேர்த்துப் பிடித்தது என்பதால் தண்ணீர் அபிஷேகம் கிடையாது. பிறகு ராமசாமி கோயில். ரகுநாத நாயக்கர் காலத்துத் தூண்களைத் தொட்டுக் கெடுக்காமல் பாருங்கள், பிரகாரச் சுவரில் ராமாயணம் முழுக்கச் சித்திரமாக இருக்கிறது. அங்கிருந்து கீழே, ஆமாம் கிழக்கேதான், நாகேஸ்வரன் கோயில். ஊரில் எனக்குப் பிடித்த இடம் இது. 9-ம் நூற்றாண்டுச் சோழர் வேலை. கருவறைச் சுவர்க் கோட்டங்களில் நிற்கிற ஆண் பெண் உருவங்கள் சாமி இல்லை, யாரோ மனிதர்கள். யாரென்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண்களின் நிற்கும் ஒயிலைப் பார்த்துவிட்டால் பிற்காலச் சிற்பம் எதுவும் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் தோன்றும். சித்திரை 11, 12, 13 தேதிகளில் காலை வெயில் நேராகக் கருவறைக்குள் போகும்.

முடிவில் தென்கிழக்கே மகாமகக் குளம். சுமார் 6 ஏக்கர். நாயக்க மன்னர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் கட்டிய 16 மண்டபங்கள் சுற்றிலும். குளத்துக்குள்ளேயே 20 தீர்த்தக் கிணறுகள். வடகரையில் காசி விஸ்வநாதர் கோயில், அங்கே நவகன்னியர் என்று ஒன்பது நதிகளைப் பெண்களாக உட்கார வைத்திருக்கிறார்கள். கங்கை, யமுனை எல்லாம் பாவத்தைக் கழுவ இங்கே வருகிறார்களாம். ஆறுகளுக்கே ஒரு குளியல் தேவைப்படுகிறது என்று நினைத்த ஊர் இது.

தாராசுரத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ராசராசன் கட்டியது, 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். நாயன்மார் கதைகளைக் கையகல உயரத்தில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அரை நாள் வேண்டும், உட்கார ஒரு துண்டும் வேண்டும்.

ஐந்தாம் படி: சுவரில் இரண்டு காலண்டர்

அலுவலகக் காலண்டரோடு ஒரு தினசரிக் காலண்டரும் மாட்டுங்கள். இல்லாவிட்டால் வங்கிக்குக் கிளம்பி, தேருக்கு எதிரே போய் நிற்பீர்கள். தேரோட்டத்துக்கு முந்தின ராத்திரியே வண்டியை வீதியிலிருந்து எடுத்துவிட வேண்டும். முகூர்த்த நாளில் ஊருக்குள் கார் ஓட்டாதீர்கள். சுற்றிலும் சுவாமிமலை, திருநாகேஸ்வரம், உப்பிலியப்பன் கோயில், பட்டீஸ்வரம் என்று கல்யாணமும் பரிகாரமும் ஓயாத தலங்கள். வெளியூர் வேன்கள் எல்லாம் நம் தெரு வழியாகத்தான் போகும்.

அட்சய திருதியைக்கு மற்ற ஊர்களில் நகைக்கடையில் வரிசை நிற்கும். இங்கே பெரிய தெருவில் 12 பெருமாள்கள் கருடன் மேல் வரிசையாக வந்து நிற்பார்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள்.

ஆடிப் பதினெட்டு தவறவிடக் கூடாத நாள். பகவத் படித்துறை, டபீர் படித்துறை எங்கும் பெண்கள் கூட்டம். வாழை இலையில் மண்ணைப் பிடித்து வைத்து, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி, பழம் படைத்து, கும்பிட்டுவிட்டு ஆற்றில் விடுவார்கள். ஒருவருக்கொருவர் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். யாருமே தெரியாத ஊருக்கு வந்த என் மனைவிக்கு முதல் சிநேகிதி கிடைத்தது அந்தப் படித்துறையில்தான். கழுத்தில் கயிறு கட்டிவிட்ட அக்கா "எந்தத் தெரு?" என்று கேட்டார், இன்றுவரை எங்கள் வீட்டு ஊறுகாய் அவர் கைப்பக்குவம். சின்னப் பிள்ளைகள் மரச் சப்பரம் இழுத்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடும். கடைத்தெருவில் விற்கும், ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஆனால் ஆற்றில் நீச்சல் வேண்டாம். மணல் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.

மகாமகம் 12 வருடத்துக்கு ஒரு தடவை. கடைசியாக 2016 பிப்ரவரி 22, அடுத்தது 2028-ல். இப்போது குடிவருகிறவர்கள் அதற்கும் இங்கேயே இருப்பீர்கள். தூரத்துச் சொந்தமெல்லாம் திடீரென்று நெருங்கிவரும், பாயும் தலையணையும் கூடுதலாக வாங்கி வையுங்கள். 1992 மகாமகத்தில் நெரிசலில் உயிர்கள் போயின. அதன் பிறகு கூட்டக் கட்டுப்பாடு கெடுபிடியானது. வயதானவர்களையும் குழந்தைகளையும் தீர்த்தவாரி நேரத்துக்கு அழைத்துப் போகாமல் முன்பின் நாட்களில் குளிக்க வையுங்கள், பத்து நாள் உற்சவத்தில் எந்த நாளும் நல்ல நாள்தான்.

ஜூலை 16 எந்தப் பஞ்சாங்கத்திலும் இருக்காது. 2004-ல் அந்த நாளில் ஒரு பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் போய்விட்டார்கள். பெற்றவர்கள் இந்தத் தெருக்களில்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் அன்று படங்களுக்கு மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பாலக்கரையில் நினைவு மண்டபம் இருக்கிறது. அன்றைக்கு வீட்டில் விசேஷம் வைத்தால் சத்தமில்லாமல் வையுங்கள். அதைப் பற்றி நீங்களாக யாரிடமும் கேட்காதீர்கள், அவர்களே பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: காபி, கடப்பா, வெற்றிலை

நெடுஞ்சாலை முழுக்கக் "கும்பகோணம் டிகிரி காபி" என்று பலகை. அதைக் குடித்துவிட்டு இந்த ஊரை எடை போடாதீர்கள். டிகிரி என்ற பெயருக்கு ஊரில் குறைந்தது இரண்டு கதை. பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று பால்மானியில் டிகிரி பார்த்து வாங்கியதால் வந்தது என்பது ஒன்று, முதல் டிகாக்‌ஷன் மட்டும் சேர்ப்பதால் என்பது மற்றது. இரண்டு கட்சியும் காரசாரமாகச் சண்டை போடும். நீங்கள் எந்தக் கட்சியிலும் சேராமல் பித்தளை டவராவில் ஆற்றிக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். வீட்டுக்கு ஃபில்டர் வேண்டுமென்றால் பாத்திரக் கடைகளில் எடை போட்டுத் தருவார்கள். குத்துவிளக்குக்கு நாச்சியார்கோயில், ஐம்பொன் சிலைக்குச் சுவாமிமலை, பட்டுக்குத் திருபுவனம். எல்லாம் டவுன் பஸ் தூரம், நேராக அங்கேயே போய் வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்குக் கடப்பா இருக்கிறதா என்று கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, சாம்பாருக்கும் குருமாவுக்கும் நடுவில் ஒரு ஜாதி. தஞ்சாவூர் ஜில்லாவைத் தாண்டினால் பெயரே தெரியாது.

வெற்றிலை போடும் பழக்கம் இல்லாவிட்டாலும் வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். யாரையாவது விசேஷத்துக்கு அழைக்கப் போனால் தட்டில் அது இல்லாமல் முடியாது. காவிரிக் கரை வண்டலில் அகத்தி மரத்தில் கொடியை ஏற்றி வளர்க்கும் தோட்டத்துக்குக் கொடிக்கால் என்று பெயர். சுவாமிமலை, ராஜகிரி, அய்யம்பேட்டைப் பக்கம் போனால் பார்க்கலாம். 2025-ல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கவுளி என்ற கட்டுக் கணக்கில் விற்பார்கள். "கொழுந்தாகக் கொடுங்க" என்று சொல்லிப் பாருங்கள், புது ஆள் என்று நினைக்க மாட்டார்கள். கூடவே சீவல். காய்கறிக்குத் தாராசுரம் சந்தை, அதிகாலையில் போனால் விலை இறக்கம்.

போக்குவரத்து பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஒரு கோட்டத்துக்கே தலைமையகம் இங்கே என்பதால் பஸ்ஸுக்குக் குறைவில்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சென்னைக்கு ரயில் மயிலாடுதுறை, விழுப்புரம் வழியாகப் போகிற பழைய மெயின் லைனில். பகலுக்குச் சோழன், ராத்திரிக்கு உழவன். தீபாவளி, பொங்கலுக்கு முன்பதிவு திறக்கிற அன்றே போட்டுவிடுங்கள். ஆட்டோவில் ஏறும் முன் தொகை பேசுங்கள், பேசிவிட்டால் பிறகு தகராறு வராது. 1866-லிருந்து நகராட்சியாக இருந்த ஊர் 2021-ல் மாநகராட்சியானபோது, 48 வார்டுக்கும் முதல் மேயராக வந்தவர் ஓர் ஆட்டோ ஓட்டுநர். பதவியேற்கவும் ஆட்டோவில்தான் வந்தார்.

ஏழாம் படி: பேச்சு

பேரம் பேசும்போது "கும்பகோணம் பண்ணிட்டீங்களே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏமாற்றுவதற்கு அப்படி ஒரு பழைய கேலிச்சொல் வெளியூர்களில் உண்டு. இங்கே உள்ளவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள், வெளியாள் சொன்னால் ரசிக்க மாட்டார்கள்.

இது பல வீட்டுப் பேச்சுகள் கலந்த ஊர். நாயக்கர் காலத்துத் தெலுங்கு, தஞ்சை மராட்டியர் கொண்டுவந்த மராத்தி, பட்டு நெய்யும் குடும்பங்களின் சௌராஷ்டிரம் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் காதில் விழும். மேலக்காவேரியிலும் ராஜகிரியிலும் நோன்புக் கஞ்சி நேரத்தில் போய்ப் பாருங்கள், தெருவே வேறு மாதிரி இருக்கும். கத்தோலிக்க மறைமாவட்டம் 1899-லிருந்து இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரை முதல் நாளே அண்ணே, அக்கா என்று கூப்பிட்டுவிடுங்கள். சார், மேடம் என்று ஆரம்பித்தால் ஆறு மாதம் ஆனாலும் வாசலோடு நிற்க வேண்டியிருக்கும். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஊரு?" இரண்டாவது "இங்க யாரு வீட்ல?" வீட்டுக்காரர் பெயரைச் சொன்னால் அவருடைய தாத்தா காலத்திலிருந்து வரலாறு கிடைக்கும். நேரம் வைத்துக்கொண்டு வாய் திறங்கள்.

கடைசியாக ஒரு வேலை. ஜூன் மாதம் கல்லணை திறந்த செய்தி வந்த மறுநாளிலிருந்து சாயங்காலம் பாலத்துப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். எந்த நேரத்தில் தண்ணீர் வரும் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. மேற்கே யாராவது பார்த்துவிட்டுப் போனில் சொல்வார்கள், பாலத்தில் பைக்குகள் சேரும். முதலில் மணலில் ஒரு ஈரக்கோடு தெரியும். பின்னாலேயே நுரை, சருகு, பிளாஸ்டிக் பாட்டில், செருப்பு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு செம்மண் நிறத்தில் மெதுவாக வரும். கிரிக்கெட் பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு கரையேறுவார்கள். பக்கத்தில் நிற்கிறவர் உங்களைப் பார்த்து "வந்துருச்சு" என்பார். கும்பிடுகிறவர்கள் கும்பிடுவார்கள். அன்றைக்கு இறங்கிக் குளிக்காதீர்கள். ஐந்து மாத அழுக்கு போக மூன்று நான்கு நாளாகும், அதன் பிறகு போங்கள்.